பட்டை தீட்டிய கண்ணாடியும் லேசர் கதிரும்: அலங்கார ஒளியின் அழகு எங்கிருந்து வருகிறது?

கேள்வி

பட்டை தீட்டிய கண்ணாடித் துளி ஒன்றை லேசர் கதிரின் வழியில் தொங்கவிட்டால் சுவரும் கூரையும் ஒளிப்பொட்டுகளால் நிரம்பிவிடும். மண்டப அலங்காரத்திலும் நடன மேடையிலும் வீட்டு விளக்குகளிலும் இந்த விளைவைப் பலர் விரும்பிச் செய்கிறார்கள். இது ஏன் நிகழ்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: படிகம் ஒளியை நிறங்களாகப் பிரிக்கிறது, உயர்ந்த படிகம் இன்னும் நன்றாகப் பிரிக்கும், ஆகவே விலை கூடிய படிகத்தால் அழகும் கூடும்.

இந்தப் பதில் மெழுகுவர்த்திக்குச் சரி, லேசருக்குச் சரியில்லை. சரவிளக்குக் கண்ணாடியின் பெருமையாக முந்நூறு ஆண்டுகளாகப் பேசப்பட்டுவரும் நிறப்பிரிகைக்கு லேசர் ஒளியில் ஏறக்குறைய வேலையே இல்லை. அங்கே அழகைத் தருபவை அசைவும் பரப்பின் வளைவும்தான். இதை நிறுவுவதே கட்டுரையின் நோக்கம். இதிலிருந்து கிளைக்கும் பாதுகாப்புக் கேள்வியைக் கடைசிப் பகுதி எடுத்துக்கொள்கிறது.

சரவிளக்கின் மரபு

ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் 1674ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தம் புதுவகைக் கண்ணாடிக்குக் காப்புரிமை பெற்றார். ஈய ஆக்சைடு கலந்த கண்ணாடி அந்த முயற்சியின் வழியாகவே பரவியது. ஈயம் சேர்ந்ததும் கண்ணாடி கனத்தது, வெட்டவும் தீட்டவும் இசைந்தது. அதன் ஒளிவிலகல் எண்ணும் உயர்ந்தது. ஐரோப்பியச் சமூகம் 1969இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, ‘ஈயப் படிகம்’ என்று விற்க ஒரு கண்ணாடியில் குறைந்தது 24 விழுக்காடு ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். ஒளிவிலகல் எண் 1.545க்குக் குறையக் கூடாது. கடைக்காரர் படிகம் என்று சொல்வதற்கு அங்கே சட்டப்படி ஓர் எண் உண்டு.

வெட்டும் கலையை இயந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. 1892இல் கண்ணாடி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்று, 1895இல் ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் உள்ள வாட்டென்ஸ் என்னும் ஊரில் ஆலை தொடங்கினார். பட்டைகள் ஒரே கோணத்தில், ஒரே மெருகில், ஆயிரக்கணக்கில் வெளிவரத் தொடங்கியது அப்போதிலிருந்துதான்.

மெழுகுவர்த்திச் சுடர் சிறியது. அதில் எல்லா நிறங்களும் உண்டு. பட்டை ஒவ்வொன்றும் அந்தச் சுடரிலிருந்து ஒரு சின்ன நிறமாலையை எறிகிறது. கண்மணியின் துளையோ சில மில்லிமீட்டர்தான். விரிந்துவரும் நிறமாலையில் ஒரு கீற்று மட்டுமே அதற்குள் நுழைய முடியும். துளி காற்றில் லேசாக அசையும்போது கண்ணுக்குள் சிவப்பு வந்து போகும், பிறகு பச்சை, பிறகு நீலம். சரவிளக்கு ‘மின்னுகிறது’ என்று நாம் சொல்வது இதைத்தான். இந்த மின்னலுக்கு மூன்று பொருள்கள் தேவை: எல்லா நிறமும் கலந்த ஒளி, நிறம் பிரிக்கும் கண்ணாடி, பார்ப்பவரின் கண். லேசரைக் கொண்டுவந்தால் முதல் பொருள் காணாமல் போகிறது.

ஒற்றை நிறத்துக்கு வானவில் இல்லை

நியூட்டன் 1704இல் வெளியிட்ட ‘ஆப்டிக்ஸ்’ நூல் இதற்கு வேண்டிய அடிப்படையைத் தந்துவிட்டது. முப்பட்டகம் நிறத்தை உண்டாக்குவதில்லை, வெள்ளொளிக்குள் இருக்கும் நிறங்களைத் தனித்தனியே விலக்குகிறது. பிரித்தெடுத்த ஒரு நிறத்தை இன்னொரு முப்பட்டகத்தில் செலுத்தினால் அது மேற்கொண்டு பிரியாது. லேசர் அப்படிப் பிரித்தெடுத்த நிறத்தைக் காட்டிலும் தூய்மையானது. தியோடர் மைமன் 1960 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் இயக்கிக்காட்டிய முதல் லேசர், மாணிக்கக் கல்லிலிருந்து 694.3 நானோமீட்டர் செந்நிறக் கதிரைத் தந்தது. ஆய்வகங்களில் நெடுங்காலம் புழங்கிய ஹீலியம்-நியான் லேசரின் சிவப்பு 632.8 நானோமீட்டர். இந்தக் கதிரை எத்தனை உயர்ந்த படிகத்தில் செலுத்தினாலும் வெளியே வருவது அதே சிவப்புதான்.

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று லேசர்களை இணைத்து வெண்மை தரும் கருவிகள் இன்று மேடைகளில் உள்ளனவே, அவை வானவில்லைத் தராதா என்று கேட்கலாம். தராது, மூன்று பொட்டுகளைத் தரும். கணக்கிட்டே பார்க்கலாம். ஒளியியல் கருவிகளில் பரவலாகப் பயன்படும் பி.கே.7 என்ற சாதாரணக் கண்ணாடியில் 20 பாகை ஆப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதிர் ஒரு பக்கத்தில் செங்குத்தாக நுழைகிறது. சிவப்பும் நீலமும் வெளியேறும் திசைகளுக்கு இடையே கால் பாகைக்கும் சற்றுக் குறைவான வேறுபாடே உண்டு. 5 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் அது ஏறத்தாழ 2 செ.மீ. ஈயம் மிகுந்த எஃப்2 கண்ணாடியில் அதே ஆப்பு நாலரை செ.மீ. அளவுக்குப் பிரிக்கும். நடுவில் பச்சைப் பொட்டு ஒன்று இருக்கும். இடைவெளிகளில் ஒன்றும் இராது. ஆரஞ்சு இல்லை, மஞ்சள் இல்லை, வெளிர்நீலம் இல்லை.

ஈயக் கண்ணாடிக்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் வேறுபாடு உண்டு என்பதை இந்தக் கணக்கு மறுக்கவில்லை, அந்த வேறுபாடு எவ்வளவு என்பதைக் காட்டுகிறது. மூன்று பொட்டுகள் சற்று நெருங்கியோ சற்று விலகியோ விழும், அவ்வளவுதான். ஒற்றை நிற லேசரில் அதுவும் இல்லை.

படிகங்களின் மேல் ஏற்றப்படும் வண்ணப் பூச்சுக்கும் இதே கதிதான். 1956இல் கிறிஸ்தியன் டியோரோடு சேர்ந்து ஸ்வரோவ்ஸ்கி அறிமுகப்படுத்திய ‘அரோரா போரியாலிஸ்’ பூச்சு, வெள்ளொளியில் கோணத்துக்குக் கோணம் நிறம் மாறிக் காட்டும். ஒற்றை நிறக் கதிரில் மாற நிறமே இல்லாததால், எவ்வளவு ஒளி திரும்புகிறது, எவ்வளவு ஊடுருவுகிறது என்ற பங்கீட்டை மட்டுமே அது மாற்றும்.

கண்ணாடியை விட்டு மெய்யான படிகத்துக்கு வந்தால் நிலைமை கொஞ்சம் மாறுகிறது. மாலையாகக் கோத்து அணியும் ஸ்படிகம் குவார்ட்ஸ் என்னும் கனிமம். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகமாதலால் அதற்கு இரண்டு ஒளிவிலகல் எண்கள் உண்டு: 1.544, 1.553. ஆப்பாக வெட்டிய ஸ்படிகத்தின் ஊடே போகும் ஒற்றை நிறக் கதிர், திசை பொருத்தமாக அமைந்தால் இரண்டாகப் பிரியும். மேலே சொன்ன 20 பாகை ஆப்பில் 5 மீட்டர் தொலைவில் இந்தப் பிரிவு 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக இருக்கும். இரண்டு பொட்டுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முனைவாக்கம் பெற்றிருக்கும். முனைவாக்கும் தகடு ஒன்றைக் கையில் பிடித்துச் சுழற்றினால் ஒரு பொட்டு அணைய இன்னொன்று எரியும். விலை உயர்ந்த ஈயக் கண்ணாடியில் இது நடக்காது. படிகம் என்னும் பெயருக்குரிய விளைவை லேசரில் காட்டுவது ஸ்படிகமே.

பொட்டுகளின் நடமாட்டம்

நிறம் இல்லையென்றால் மிஞ்சுவது என்ன? வடிவக் கணிதமும் அசைவும். 1 மில்லிவாட்டுக்குக் குறைந்த சிவப்பு லேசரைக் கிடையாக நிறுத்தி, அதன் வழியில் நூலில் கட்டிய சரவிளக்குத் துளியைத் தொங்கவிட்டு, அறையை இருட்டாக்கிப் பார்த்தால் சுவரில் இரண்டு கூட்டத்தார் தெரிகிறார்கள். நூல் முறுக்கவிழ்ந்து துளி மெல்லச் சுழலும்போது, பொட்டுகளில் சில விரைந்து ஓடிச் சுவரைக் கடந்து மறைகின்றன. வேறு சில தயங்கித் தயங்கி நகர்கின்றன. ஓர் எல்லை வரை வந்து நின்று, வந்த வழியே திரும்பிவிடுகின்றன.

விரைந்து ஓடுபவை பட்டையின் வெளிப்பரப்பில் பட்டுத் திரும்பியவை. ஆடி ஒரு பாகை திரும்பினால் அதில் பட்டுத் திரும்பும் கதிர் இரண்டு பாகை திரும்பும் என்பது பள்ளிப் பாடம். 1917இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, பின்னர் நடன அரங்குகளின் அடையாளமாகிவிட்ட ஆடிப் பந்து முழுக்க முழுக்க இந்த விதியில் இயங்குகிறது. அதன் பொட்டுகள் எல்லாம் ஒரே திசையில் சுழன்றுகொண்டே இருக்கும். தயக்கம் அங்கே கிடையாது.

தயங்கித் திரும்பும் பொட்டுகள் கண்ணாடிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தவை. மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் நிறமாலைமானியின் மேடையில் முப்பட்டகத்தை வைத்துச் சுழற்றியவர்களுக்கு இந்தத் திரும்புதல் பழக்கமானது. பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துவந்து ஓரிடத்தில் நின்று பின்வாங்கும். அந்த இடமே சிறும திசைமாற்றக் கோணம். தேர்வுக்காக அளந்துவிட்டு மறந்துபோன அந்த நிகழ்ச்சிதான் பட்டைக் கண்ணாடியின் லேசர் அலங்காரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆடிப் பந்தால் ஒருபோதும் தர முடியாத அசைவு அது. இயந்திரச் சீர்மையைக் குலைத்து, சுவருக்கு மூச்சு வந்துவிட்டதுபோல் காட்டுகிறது.

மூன்றாவது வகையும் உண்டு. ஈயப் படிகத்துக்குள் நுழைந்த கதிர் உட்பக்கப் பட்டை ஒன்றில் 40 பாகைக்கு மேற்பட்ட கோணத்தில் பட்டால், சிறிதும் வெளியேறாமல் முழுமையாக உள்ளேயே எதிரொளிக்கும். இப்படி இரண்டு மூன்று முறை உள்ளே சுற்றிவிட்டு எதிர்பாராத திசையில் வெளியே வரும் கதிர்கள், துளிக்குப் பின்னாலும் கூரையிலும் தனிப் பொட்டுகளாக விழுகின்றன. அவற்றில் சில, நேராக ஊடுருவிய கதிருக்கு நிகரான பிரகாசத்தோடு இருப்பதைக் காணலாம். பின்னர் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. தட்டையான பட்டையில் நுழைந்து தட்டையான பட்டையில் வெளியேறும் கதிர், எத்தனை முறை திரும்பினாலும் பொட்டாகத்தான் இருக்கும். வடிவம் என்று ஒன்று தோன்றாது. பட்டைகள் இரண்டு சந்திக்கும் விளிம்பில் கதிர் படும்போது மட்டும், விளிம்புக்குச் செங்குத்தாக ஒரு நீண்ட கீற்று சுவரில் விரியும். மழுங்கிய விளிம்பு கதிரை விசிறுவதும் விளிம்பு விளைவும் சேர்ந்து அந்தக் கீற்றை உண்டாக்குகின்றன. சிறிது நேரம் பார்த்த பிறகு கண் பொட்டுகளை விட்டுவிட்டு இந்தக் கீற்றுகளைத் தேடத் தொடங்குகிறது.

வளைபரப்பின் வழி: லூமியா

இங்கே இன்னொரு மரபை நினைவுகூர வேண்டும். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாமஸ் வில்ஃபிரட் (1889–1968), ஒளியை மட்டுமே ஊடகமாகக் கொண்ட ஒரு கலையை உருவாக்கி அதற்கு லூமியா என்று பெயரிட்டார். கிளாவிலக்ஸ் என்ற தம் கருவியை 1922 ஜனவரியில் நியூயார்க்கில் அரங்கேற்றினார். வடிவம், நிறம், அசைவு ஆகிய மூன்றுமே அவருடைய மூலப்பொருள்கள். நிறங்களைச் சுரங்களோடு பொருத்தும் ‘நிற இசை’க் கொள்கையை அவர் ஏற்கவில்லை, ஒளி தன் காலிலேயே நிற்க வேண்டும் என்று கருதினார். அவர் கையாண்டது லேசர் அல்ல, சாதாரண மின்விளக்குதான். வளைந்த பிரதிபலிப்பான்களும் வண்ணம் தீட்டிய கண்ணாடி வட்டுகளும் மெதுவாகச் சுழன்று ஒளித்திரைகளை மடித்து விரித்தன.

லேசர் கலைக்கு வந்தபோது இரண்டு வழிகள் திறந்தன. ஒன்று வரையும் வழி. லோவெல் கிராஸ் 1969 மே 9 அன்று ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் நடத்திய காட்சியில், அதிரும் சிறு ஆடிகள் லேசர் கதிரைக் கிடையாகவும் செங்குத்தாகவும் அசைத்துத் திரையில் கோடுகளை வரைந்தன. இன்றைய மேடை லேசர் கருவிகள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. மற்றொன்று லூமியாவின் வழி. கலிஃபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் இயற்பியலாளராக இருந்த எல்சா கார்மைர், ஒழுங்கற்ற பரப்புடைய ஒளிபுகும் பொருள்களில் லேசரைச் செலுத்திக் கிடைத்த உருவங்களைக் கலையாகக் கண்டார். அந்த ஒளியை 1970இல் படம்பிடித்த ஐவன் டிரையர், எந்தப் படச்சுருளும் அதன் உயிர்ப்பைப் பிடிக்காது என்பதை உணர்ந்து நேரடிக் காட்சியாக்க முனைந்தார். 1973 நவம்பர் 19 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் ‘லேசரியம்’ என்ற அந்தக் காட்சி தொடங்கியது. கிரிப்டான் லேசரின் கதிரை முப்பட்டகத்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்காகப் பிரித்து, கோட்டுருவங்களோடு மேகம்போன்ற லூமியா உருவங்களையும் குவிமாடத்தில் படரவிட்டார்கள். வெவ்வேறு அலைநீளங்களை ஒருங்கே உமிழும் லேசராதலால் அங்கே முப்பட்டகத்துக்கு உண்மையிலேயே வேலை இருந்தது. ஆனால் அது திரைக்குப் பின்னால் செய்த வேலை. பார்வையாளர் கண்ட அழகு அலைபாயும் கண்ணாடியிலிருந்து வந்தது.

அலைபாயும் பரப்பு கதிருக்கு என்ன செய்கிறது? கதிரின் ஒவ்வொரு பகுதியையும் சற்று வேறு திசையில் விலக்குகிறது. விலகியவை சில இடங்களில் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, கூர்மையான ஒளிர்கோடுகளாகத் திரள்கின்றன. வெயிலில் வைத்த பால் டம்ளரின் உட்புறத்தில், பாலின் மேல் தெரியும் வளைகோடும் நீச்சல்குளத்தின் அடித்தரையில் நெளியும் வலைக்கோடுகளும் இந்த இனம்தான். குவிகோடுகள் என இவற்றை அழைக்கலாம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெர்ரியும் ஜான் நையும் 1970களிலிருந்து இவற்றை ரெனே தாமின் பேரிடர்க் கோட்பாட்டோடு இணைத்து ஆராய்ந்தார்கள். பரப்பு எவ்வளவு தாறுமாறாக இருந்தாலும் நிலைத்துத் தோன்றும் குவிகோடுகள் மடிப்பு, கூர்முனை முதலிய சில அடிப்படை வடிவங்களுக்குள் அடங்கிவிடும் என்பது அவர்கள் காட்டிய உண்மை. லூமியாவில் பட்டுத்துணியின் மடிப்புபோல் தெரிவதற்குக் காரணம் கலைஞரின் கற்பனை மட்டுமல்ல. ஒளியின் கணிதமே அந்த மடிப்பை வற்புறுத்துகிறது.

சூரிய ஒளியில் குவிகோடு வெறும் கோடு. லேசரில் அதன் உட்புறம் நெடுக நுண்ணிய வரிகள் ஓடுகின்றன. மடிந்து சேரும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுத் தரும் வரிகள் இவை. அலைகள் ஒத்திசைந்து செல்லும் ஓரியல் ஒளிக்கே வாய்த்த சிறப்பு. சொரசொரப்பான சுவரில் எப்போதும் தெரியும் மணல்போன்ற மினுமினுப்பும் குறுக்கீட்டின் விளைவுதான். லேசரோடு அது 1962 முதல் விரிவாகப் பேசப்பட்டாலும், அதற்கு இணையான நிகழ்ச்சியை ஜி. என். இராமச்சந்திரன் 1943லேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கொலாஜன் புரதத்தின் கட்டமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு பின்னாளில் கண்டறிந்த அதே இராமச்சந்திரன்தான்.

இப்போது விலைக் கேள்விக்குத் திரும்பலாம். மிகத் துல்லியமாக வெட்டி, தட்டையாக மெருகேற்றிய துளி சுத்தமான பொட்டுகளைத் தரும். அச்சில் அழுத்தி வார்த்த மலிவான துளியின் பட்டைகள் முழுத் தட்டையாக இருப்பதில்லை; விளிம்புகள் உருண்டிருக்கும்; உள்ளே கண்ணாடி நெளிந்து உறைந்த தடங்களும் இருக்கும். சரவிளக்கில் இவை குறைகள். லேசரில் ஒவ்வொரு குறையும் ஒரு கீற்று, ஒரு மடிப்பு, ஒரு வரிக்கற்றை. குளியலறைச் சன்னலுக்குப் போடும் அலைவரிக் கண்ணாடித் துண்டு இந்த வகையில் அவற்றையும் மிஞ்சும். உயர்ந்த படிகமே உயர்ந்த விளைவைத் தரும் என்ற கருத்தை லேசரைப் பொறுத்தவரை நான் தயக்கமின்றி நிராகரிக்கிறேன். பொட்டுகளின் தெளிவு வேண்டுவோருக்கு மட்டுமே அது ஓரளவு பொருந்தும். வானவில்தான் வேண்டுமென்றால் சன்னல் வெயில் இருக்கிறது. லேசருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

நான்கு விழுக்காட்டின் அபாயம்

இந்த அலங்காரத்தைப் பற்றிய பேச்சுகளில் அரைகுறையாகவே சொல்லப்படும் ஒன்று அதன் ஆபத்து. கதிர் ‘சிதறிவிடுவதால்’ கெடுதல் இல்லை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தட்டைப் பட்டைகள் கதிரைப் பங்கிடுகின்றன, ஆனால் பரப்புவதில்லை. பங்கு ஒவ்வொன்றும் குறுகிய கதிராகவே பயணிக்கிறது.

எண்களோடு சொல்வது நல்லது. சாதாரணக் கண்ணாடிப் பரப்பில் செங்குத்தாகப் படும் ஒளியில் ஏறத்தாழ 4.2 விழுக்காடு திரும்பிவரும். 500 மில்லிவாட் கதிரில் அது 21 மில்லிவாட். கண் இமைக்க ஆகும் கால் நொடிக்குள் கெடுதல் செய்யாது என்ற அடிப்படையில் பன்னாட்டுத் தர விதி இரண்டாம் வகுப்பு லேசருக்கு வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிவாட். ஆகவே, அற்பமென்று தோன்றும் அந்த ஒற்றைப் பிரதிபலிப்பு வரம்பைப்போல் 21 மடங்கு. சாய்ந்து படும் கதிரில் இந்தப் பங்கு கூடவும் செய்யும். முழு அக எதிரொளிப்பில் வெளிவரும் பொட்டோ, மூலக் கதிரின் பெரும்பகுதியை அப்படியே சுமந்து வரக்கூடும். அது எந்தத் திசையில் போகும் என்று துளியைத் தொங்கவிடுபவருக்கு முன்கூட்டித் தெரியாது. துளி சுழலும் வரை கதிர் கண்ணைக் கடந்துவிடும். துளியைச் சுழற்றும் மோட்டார் நின்றுபோனால் அங்கேயே நிலைத்துவிடும்.

வளைபரப்பு கதிரை விரிப்பதால் சராசரியாகப் பார்த்தால் இதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் குவிகோடு என்பதே ஒளி திரளும் இடம் என்பதால் அங்கும் முழு நிம்மதி இல்லை.

அமெரிக்காவில் லேசர் காட்சிகளுக்கான விதி, பார்வையாளர் நிற்கும் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்துக்குக் கீழும் பக்கவாட்டில் 2.5 மீட்டருக்குள்ளும் பலமான கதிர் வரக் கூடாது என்கிறது. பட்டைக் கண்ணாடி இத்தகைய எல்லைகளை மதிப்பதில்லை என்பதே சிக்கல். 2008 ஜூலையில் ரஷ்யாவின் விளாதிமிர் பகுதியில் திறந்தவெளி நடன விழா ஒன்றில் லேசர் பட்டு ஏறத்தாழ 30 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அங்கே குற்றவாளி படிகம் அல்ல. கதிர் போக வேண்டிய இடம் மாறி மனிதர்களின் முகத்துக்கு வந்ததுதான் காரணம். பலமான லேசரின் முன் படிகத்தைத் தொங்கவிடுவது இதையே திட்டமிட்டுச் செய்வதாகும்.

மலிவான பச்சை லேசர்களில் இன்னொரு கெடுதி ஒளிந்திருக்கிறது. அவற்றில் பல, 808 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைச் சிறு படிகங்களில் செலுத்தி 1064 ஆக்கி, அதை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றுகின்றன. வடிகட்டி இல்லாத கருவியில் மிச்ச அகச்சிவப்பும் கூடவே வெளியேறும். அமெரிக்கத் தர நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2010இல் சோதித்த ஒரு கருவி, 1 மில்லிவாட்டுக்கும் குறைவான பச்சையோடு ஏறத்தாழ 20 மில்லிவாட் அகச்சிவப்பை உமிழ்ந்தது. கண் கூசாததால் இமை மூடாது; விழித்திரை மட்டும் வெந்துகொண்டிருக்கும். பட்டைக் கண்ணாடி இந்தக் காணாத கதிரையும் பச்சையோடு சேர்த்து நாலா பக்கமும் அனுப்பும்.

ஆகவே வீட்டில் செய்து பார்ப்போருக்குச் சொல்ல வேண்டியது இது. நம்பகமான தரச்சான்றுள்ள, 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சிவப்பு லேசரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துண்டை மூன்று பக்கமும் மேலும் கறுப்பு அட்டையால் மறைத்து, திரையை நோக்கி மட்டும் திறந்து வையுங்கள். லேசரையும் துண்டையும் நிற்பவரின் கண் மட்டத்திலோ அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்திலோ வைக்காதீர்கள். திருமண மண்டபத்திலோ திருவிழா மேடையிலோ பலமான லேசரின் முன்னால் படிகத் துளிகள் தொங்குவதைக் கண்டால், குழந்தைகளை முதலில் அப்புறப்படுத்திவிட்டு, கருவியை அணைக்கச் சொல்லுங்கள்.